பொன்னுருக்கு அன்று காலை

என் அக்காவின் கணவர் அரசாங்கப் பாடசாலைகளில் சைவசமயம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் அநேகமாக அதே காலம் முழுவதும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் திருகோணமலையிலிருந்து செய்தி அனுப்பியவன். அன்புவழிபுரத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். நடுவில் ஒரு கிணறு. எங்கள் இருவரின் தொழிலும் சந்திக்கும் இடம் ஒன்றுதான். ஊரில் யாராவது இறந்தால் ஆட்கள் முதலில் அத்தானிடம் வருவார்கள், பிறகு கிணற்றைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

அவரிடம் வருவது பாடச் சொல்லி. எங்கள் பக்கத்துச் சைவச் சாவீடுகளில், உடலை எடுப்பதற்கு முன், உரலில் மஞ்சளும் வாசனைப் பொருட்களும் போட்டுச் சுண்ணம் இடிப்பார்கள். அப்போது ஒருவர் பக்கத்தில் நின்று அதற்குரிய பாட்டைப் பாட வேண்டும். அத்தானுக்குப் பெரிய குரல் இல்லை. ஆனால் அடி தவற மாட்டார், அழவும் மாட்டார். சாவீட்டில் இரண்டாவது தகுதிதான் முக்கியம்.

என்னிடம் வருவது மரண அறிவித்தல் எழுத. யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய மைத்துனர், யாருக்குப் பெறாமகன், அதாவது உடன்பிறந்தவரின் மகன், என்று எங்கள் அறிவித்தல்களில் இறந்தவரைவிட இருப்பவர்கள்தான் அதிக இடம் பிடிப்பார்கள். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டோடு இருபது வருடம் கதை இல்லை. ஆகவே பெயர்களை மூன்று தடவை வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் அனுப்புவேன்.

அத்தான் மூதூருக்கு அப்பால் ஒரு வயல் கிராமத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தகப்பன் இறந்துபோனார். தகப்பனின் தம்பி, அதாவது அத்தானின் சித்தப்பா, தன் மகனோடு சேர்த்து இவரையும் வளர்த்தார். விடிய எழும்பி வாய்க்கால் பார்த்து, வரம்பு கட்டி, அதன் பிறகு பள்ளிக்கூடம். ஆசிரியர் கலாசாலைக்குப் போகும் வயது வந்தபோது சித்தப்பா தன் மகனை வயலில் நிறுத்திவிட்டு அண்ணனின் மகனை அனுப்பினார். இதையெல்லாம் அத்தான் பெருமையாகவோ துக்கமாகவோ சொல்லிக் கேட்டதில்லை. விசாரித்தால், "அந்த நாளில எல்லாரும் செய்ததுதானே தம்பி" என்பார். முப்பது வருடத்துக்கு மேல் சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போன பிறகும் அவருடைய குதிக்கால் வெடிப்பு மாறவில்லை.

மற்ற ஆசிரியர்கள் குடும்பத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட விடுதியில் தங்கிய நாட்களில் இவர் தங்கவில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம் அது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, அக்கரையில் பஸ்சுக்குக் காத்து நின்று, ஒவ்வொரு நாளும் போய் ஒவ்வொரு நாளும் திரும்பினார். திரும்பி வந்து மூன்று பிள்ளைகளையும் சைக்கிளில் ரியூசனுக்கு ஏற்றி இறக்கினார். அக்காவுக்கு முதுகு நோ வந்த வருடம் உடுப்புத் தோய்க்கவும் மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னவும் பழகினார். ஒரு பின்னல் காதுக்கு மேலே இருக்கும், மற்றது கழுத்தில் கிடக்கும். பிள்ளை அப்படியே பள்ளிக்கூடம் போகும். கதிரையில் இருந்தபடி, கையில் தேத்தண்ணியோடு, கண்ணைத் திறந்துகொண்டே அவர் நித்திரையானதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். களைப்பு என்று அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசி ஓயவில்லை. அநேகமாகத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, எத்தனை நாள் என்று கேட்பார்கள். தகப்பன் வழி உறவில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டார் கோயிலுக்குப் போக முடியாது, வீட்டில் நல்ல காரியம் எதுவும் வைக்க முடியாது. யாருக்கு எத்தனை நாள், எந்த உறவுக்குக் குறைவு என்பதெல்லாம் அத்தானுக்கு மனப்பாடம். ஒருமுறை கடைக்காரர் ஒருவர் அழைப்பு எடுத்தார். அவருடைய அண்ணன் கனடாவில் இறந்திருந்தார்.

"சேர், அங்க வியாழக்கிழமை, இங்க வெள்ளிக்கிழமை. எந்த நாட்டு நேரத்தை எண்ணுறது?"

"நீர் எப்ப கேள்விப்பட்டனீர்?"

"வெள்ளி விடிய."

"அதில இருந்து எண்ணும். கேள்விப்படும் மட்டும் துடக்கு இல்லை."

"அப்ப ரெலிபோனை எடுக்காமல் விட்டிருக்கலாம் சேர்" என்றார் கடைக்காரர். அத்தான் சிரித்தார்.

அத்தானின் மூத்த மகளுக்கு முப்பத்து மூன்று வயதாகியிருந்தது. பிரதேச செயலகத்தில் வேலை. செவ்வாய் தோஷம் என்று இரண்டு சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுவிட்டன. மூன்றாவது பொருந்தியது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்பவர். மூன்று வாரம் லீவில் வந்திருந்தார். ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் கல்யாணம். அது தவறினால் ஆடி பிறந்துவிடும், ஆவணியில் மாப்பிள்ளை நாட்டில் இருக்க மாட்டார், பிறகு எந்த வருடம் லீவு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதை அக்கா என்னிடமே ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னார். கல்யாணப் பெண்ணான என் மருமகள் செயலகக் கந்தோரில் எல்லோருக்கும் அழைப்பிதழ் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அதுதான் பெரிய விசயம். முதல் இரண்டு தடவையும் அவள் யாரிடமும் மூச்சுக் காட்டியிருக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொன்னுருக்கு. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து ஆசாரி உருக்குவார். பெண் வீட்டார் போய் நிற்க வேண்டும். பொன் உருகிவிட்டால் கல்யாணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு கேள்விப்படும் சாவு கல்யாண வீட்டைத் தொடாது. முன்பு கேள்விப்பட்டால் தொடும். முப்பத்தொரு நாள் எல்லாம் நின்றுவிடும். எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். அத்தானே எத்தனையோ வீடுகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறார்.

அன்று காலை ஆறரை மணிக்கு என் தொலைபேசி அடித்தது. நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அத்தானின் சித்தப்பாவுடைய மகன்.

"அண்ணை, அப்பா போயிட்டார். விடிய நாலு மணி இருக்கும்."

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, எப்போது எடுக்கிறீர்கள். வீட்டில்தான், நித்திரையில். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எடுப்பதாக யோசனை.

"உங்கட அத்தானுக்குச் சொல்லேல்ல" என்றார். "சொல்லவும் மாட்டன். இண்டைக்குப் பொன்னுருக்கல்லோ. அது முடிஞ்சாப் பிறகு நீங்களாச் சொல்லுங்கோ. அம்மாவும் அதைத்தான் சொல்லுறா. பிள்ளையின்ர காரியம் குழம்பக்கூடாதாம்."

தகப்பன் இறந்து இரண்டரை மணி நேரத்தில் அந்த மனிதர் இதையெல்லாம் யோசித்திருந்தார். சரி என்று சொல்லி வைத்தேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அத்தான் வேட்டியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன மாமா, ரெண்டு பேரும் களவெடுக்கப் போற ஆக்கள் மாதிரி நிக்கிறியள்?"

"பொன் பாக்கப் போறம்தானே" என்றேன்.

மாப்பிள்ளை வீடு நகரத்துக்குள், துறைமுகப் பக்கத்துத் தெருவொன்றில். மாப்பிள்ளையின் தாய் ஓய்வுபெற்ற தாதி, தகப்பன் இல்லை, வீட்டில் எல்லாம் தாயின் சொல். பத்து மணிக்கு ஆசாரி ஊதுகுழலை எடுத்தார். பொன் நாணயம் சிவந்து, சுருங்கி, ஒரு துளியாக நின்றது. ஆறிய பொன்னை வெற்றிலைத் தட்டில் வைத்து எல்லோர் கைக்கும் கொடுத்தார்கள். அத்தான் தட்டை வாங்கிப் பொன்னைத் தொட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், மருமகனை விட்டிட்டுப் பொன்னையே பாக்கிறியள்" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"மருமகனை இனி நெடுகப் பாக்கலாம்தானே" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

பலகாரம் வந்தபோது அவர் எடுக்கவில்லை. சீனி என்றார். அவருக்குச் சீனி வருத்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் என்னுடைய பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன், அவருடையதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கிட்ட.

"அத்தான், ஒரு செய்தி. சித்தப்பா…"

"தெரியும் தம்பி."

"எப்ப தெரியும்?" என்றேன்.

"ஆறு மணிக்கு முதலே தெரியும். அங்கத்தைக் கோயில் தலைவர் ரெலிபோன் எடுத்தவர். அவருக்குப் பொன்னுருக்கு எண்டு தெரியாது. சேர், சுண்ணத்துக்குப் பாட நீங்கள் வருவியள்தானே எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வாறன் எண்டு சொன்னனான்." கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு சால்வையை மடித்து மடியில் வைத்தார். "பிறகு நானே எடுத்து, ஏலாது எண்டு சொன்னன். உம்மட அக்காவுக்குச் சொல்லாதேயும். அவ தாங்கமாட்டா."

அவர் எப்போது கேள்விப்பட்டார் என்பது கோயில் தலைவரைத் தவிர எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். கல்யாண வீட்டுக்காரர் சாவீட்டுக்குப் போகக்கூடாது. ஆகவே அவர் போகவும் முடியாது. பொன்னுருக்கு முடிந்த பிறகுதான் செய்தி வந்தது என்று அக்காவிடம் சொன்னோம். அக்கா அழுதார், அழுதுகொண்டே, நல்ல காலம், பொன் உருகிவிட்டது என்றார்.

பின்னேரம் சித்தப்பாவின் மகன் மறுபடி அழைப்பு எடுத்தார். அறிவித்தலை நான்தான் எழுத வேண்டும். எழுதும்போது அத்தானின் பெயரை விட்டுவிடும்படி கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டார் பேப்பர் பாப்பினம். என்னத்துக்கு வீண் கதை? நேரத்தையும் போடாதேங்கோ. வியாழக்கிழமை எண்டு மட்டும் போடுங்கோ."

நான் எழுதிய எந்த அறிவித்தலிலும் நேரம் இல்லாமல் போனதில்லை. அதிகாலை என்றால் அதிகாலை. அதை மட்டும் விட மாட்டேன் என்றேன். அந்த நேரம் எனக்கு அது பெரிய கொள்கையாகப் பட்டது. பெயரை விடலாம் என்று ஒத்துக்கொண்டேன். எழுதி முடித்து, வழக்கப்படி வாசித்துக் காட்டுவதற்காக அத்தானிடம் கொண்டுபோனேன். பெறாமக்கள் என்று வரும் வரியில் அவர் நிறுத்தினார்.

"என்ர பேர் எங்க?"

காரணத்தைச் சொன்னேன். அவர் கடதாசியை மடியில் வைத்தார்.

"போகவும் ஏலாது, பாடவும் ஏலாது. பேரும் இல்லையெண்டா அந்த மனுசனுக்கு நான் ஆர்?"

"கல்யாணம் முடியட்டும் அத்தான். முப்பத்தொண்டுக்குப் போடுற அறிவித்தலில பெரிசாப் போடுவம்."

"இதில போடும்" என்றார்.

போட்டேன். கையெழுத்தும் வைத்துத் தந்தார்.

வெள்ளிக்கிழமை பந்தல்காரர் வந்தார்கள். அத்தான் அவர்களோடு நின்று கயிறு பிடித்தார், கதிரை எண்ணினார். மூன்று மணிக்குக் குசினி வாசலில் போய் இருந்தார். அங்கே ஒரு வேலையும் இல்லை. "போய்க் கொஞ்சம் படுங்கோவன்" என்றார் அக்கா. ஓம் என்றார், எழும்பவில்லை. அன்று மூதூர்ப் பக்கத்தில் சுண்ணம் இடிக்கும்போது யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தார்களாம். நடுவில் அழைப்பு வந்து பாட்டு நின்றுவிட்டது. உலக்கை பிடித்திருந்தவர்கள் அது மறுபடி தொடங்கும்வரை காத்து நின்றார்கள். இதைச் சித்தப்பாவின் மகன் எனக்குச் சொன்னார். நான் அத்தானுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அறிவித்தல் வந்தது. நாலு மணிபோல் மாப்பிள்ளையின் தாய் தனியாக ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் பத்திரிகை, மடித்தபடி. விறாந்தையில் கதிரை போட்டோம். அவர் பத்திரிகையை ஸ்ரூலின் மேல் வைத்து, அறிவித்தலின் மேல் விரலை வைத்தார்.

"காலமை எழும்பினா நான் முதல் பாக்கிறது செத்த ஆக்களைத்தான் சேர். ஆஸ்பத்திரியில இருந்த காலத்துப் பழக்கம். இதில பெறாமகன் எண்டு கிடக்கிறது நீங்கள்தானே?"

"ஓம்."

"வளத்தவராம் எண்டும் கேள்விப்பட்டன். கவலையான விசயம். அது வேற." விரல் ஒரு வரி மேலே போனது. "வியாழக்கிழமை அதிகாலை எண்டு கிடக்கு. அண்டைக்குப் பத்து மணிக்கு நீங்கள் என்ர வீட்டுக்க நிண்டனீங்கள். பொன்னைத் தொட்டனீங்கள். எனக்கு ஒண்டுதான் தெரியோணும். என்னேரம் கேள்விப்பட்டனீங்கள்?"

"பொன்னுருக்கு முடிஞ்சு வந்த பிறகுதான் அக்கா" என்றார் என் அக்கா. அவர் நம்பியதைத்தான் சொன்னார்.

"உங்களிட்ட நான் கேக்கேல்ல பிள்ளை. சேரிட்டக் கேக்கிறன். சேர் சொன்னா நான் மறுகதை கதைக்க மாட்டன். இந்த ஊரில அரைவாசிச் சனம் துடக்குக் கேக்கிறதே இவரிட்டத்தான்."

அறை வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் மருமகள் நிற்பது தெரிந்தது. மருதோண்டி போட்ட கைகளை எதிலும் படாமல் முன்னால் நீட்டி வைத்திருந்தாள். அத்தான் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பாதி உண்மை சொல்லத் தெரியாத மனிதர் அவர். எனக்கு அது தொழில்.

"அம்மா," என்றேன், "சாவீட்டுக்காரர் ரெலிபோன் எடுத்தது எனக்குத்தான். அத்தானுக்கு இப்ப சொல்ல வேண்டாம், பொன்னுருக்கு முடிஞ்ச பிறகு சொல்லுங்கோ எண்டு என்னட்டச் சொன்னவை. நான் மத்தியானம், கிணத்தடியில வைச்சுத்தான் சொன்னனான்."

ஒவ்வொரு வசனமும் உண்மை. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதில் கை வைக்க முடியாது. மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"அப்பிடியோ சேர்?"

அத்தானுடைய கண் திரைச்சீலைப் பக்கம் போய்த் திரும்பியது.

"தம்பி சொன்னதில பிழை இல்லை" என்றார்.

"அப்ப சரி." பத்திரிகையை மடித்தார். "மனசில ஒண்டை வைச்சுக்கொண்டு திங்கக்கிழமை மணவறையில நிக்க எனக்கு ஏலாது. அதுதான் வந்தனான். குறை நினையாதேங்கோ."

அக்காவுக்கு உயிர் வந்தது. தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"எனக்குச் சீனி குறையப் போடச் சொல்லுங்கோ" என்றார் மாப்பிள்ளையின் தாய். "சேருக்குப் போடவே வேண்டாம்."

"இவருக்கு ஏன் வேண்டாம்? மூண்டு கரண்டி போடாட்டிக் குடிக்க மாட்டார்."

"சீனி வருத்தம் எல்லோ. அண்டைக்கு என்ர வீட்டில ஒரு பலகாரம் தொடேல்ல."

"இவருக்கோ? ஆர் சொன்னது? போன மாசமும் ரத்தம் சோதிச்சது. ஒண்டுமில்லை."

மாப்பிள்ளையின் தாய் முப்பது வருடம் வார்ட்டில் நின்றவர். சாவுச் செய்தி கேட்ட மனிதர் எப்படிச் சாப்பிடாமல் இருப்பார் என்பதை எங்களைவிட அதிகம் பார்த்தவர். அத்தானின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அத்தான் நிலத்தைப் பார்த்தார்.

"அப்ப எனக்குத்தான் பிழையா விளங்கியிருக்கு" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். பந்தலைச் சுற்றிப் பார்த்து, வாழை கட்டும் இடத்தைப் பற்றி அக்காவுக்கு ஒரு யோசனை சொன்னார். ஓட்டோவில் ஏறும்போது பத்திரிகையை எடுக்காமல் போய்விட்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். விளங்கியதை அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கும்போது நான் அத்தானையே கவனித்துக்கொண்டிருந்தேன். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டு, விட வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி விட்டார். அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் நல்ல கல்யாணம் என்றார்கள். நல்ல கல்யாணம்தான்.

கல்யாணம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை நானும் அவரும் மூதூர்ப் பக்கம் போனோம். என் மோட்டார் சைக்கிளில்தான். அவர் பின்னால் இருந்தார். கிண்ணியாப் பாலம் தாண்டினோம். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன்.

"நீர் ஒரு சொல்லும் பொய் சொல்லேல்ல தம்பி" என்றார்.

"இல்லை அத்தான்."

"நானும் சொல்லேல்ல." கோப்பையைச் சுற்றிப் பார்த்தார். "அந்த மனுசி 'என்ர வீட்டுக்க' எண்டு சொன்னவ. அதுதான் கிடந்து குத்துது. எனக்குத் துடக்கெண்டா என்ர பாடு. அவவின்ர வீட்டுக்க கொண்டுபோட்டன்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனோம்.

சாவீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. சித்தப்பாவின் மனைவி உள் அறையில் பாயில் இருந்தார். அத்தானைக் கண்டதும் எழும்ப முயன்றார். அத்தான் போய்ப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இருவரும் அழுதார்கள். அத்தான் சாவீட்டில் அழுததை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

"பிள்ளையின்ர காரியம் வடிவா முடிஞ்சுதோ மோனை?"

"முடிஞ்சுது சித்தி."

"அதுதான் அவருக்கும் சந்தோசம். நீ வராததை ஒருத்தரும் குறையாச் சொல்லேல்ல. உனக்குத்தான் தெரியாதே."

அவர் இதை ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அத்தான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் நின்ற நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"எனக்கு விடியவே தெரியும் சித்தி" என்றார். "தெரிஞ்சுகொண்டுதான் பொன்னுருக்குக்குப் போனனான்."

சித்தி கண்ணைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, வயலில் விழுந்து எழும்பி வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்ப உனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கியிராது."

"சாப்பிடேல்ல."

"இப்ப சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, தன் மகனின் மனைவியைக் கூப்பிட்டு இருக்கிற சோற்றைப் போடச் சொன்னார். பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். அத்தான் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது படலையில் சைக்கிள் மணி கேட்டது. வட்டவிதானை, அந்த வட்டாரத்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்து விடுபவர். உள்ளே வராமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றார்.

"தண்ணி வாய்க்காலுக்கு வந்திட்டுது. இண்டைக்கு உங்கட முறை. பொழுதுபடத் திருப்பிப்போடுவன். ஆர் வாறது?"

சித்தப்பாவின் மகன் மொட்டைத் தலையோடு விறாந்தையில் நின்றார். கொள்ளி வைத்தவர் வளவை விட்டு இறங்கக்கூடாது. "கூலிக்காரன் இண்டைக்கு வரேல்ல" என்றார். "அடுத்த முறைக்குப் பாப்பம்."

"அடுத்த முறை எட்டு நாளைக்குப் பிறகு. பயிர் காஞ்சு கிடக்கு" என்றார் வட்டவிதானை.

"நான் வாறன்" என்றார் அத்தான்.

சித்தப்பாவின் மகன் வேண்டாம் அண்ணை என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. அத்தான் வேட்டியை மாற்றி ஒரு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். வாய்க்காலில் தண்ணீர் மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. முதல் வரம்பில் நாலு வெட்டு. தண்ணீர் உள்ளே திரும்பியது. அது நிறைந்ததும் மண்ணை வெட்டிப் போட்டு மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தார். அறுபத்திரண்டு வயது. ஒவ்வொரு வரம்புக்கும் இடையில் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். நான் உதவட்டுமா என்று கேட்டேன். உமக்குத் தெரியாது என்றார். அது சரி.

நாலாவது வயலுக்குப் பிறகு வரம்பில் இருந்துவிட்டார். கால்கள் தண்ணீருக்குள் கிடந்தன.

"போவமோ அத்தான்? இருட்டப் போகுது."

"கடைசி வயல் இன்னும் நிறையேல்ல" என்றார். "நீர் வேணுமெண்டாப் போம்."

நான் போகவில்லை. இன்னொரு வரம்பில் நானும் இருந்தேன்.